மூன்று நிமிட மலை

அட்டவணை சாரின் கீழ்த்தாடையைக் காணவில்லை.

மேல்தாடை பத்திரமாக இருந்தது. வேலை மேசையின் ஓரத்தில், வெள்ளை பிளாஸ்டரில், தன்னந்தனியாக இளித்துக்கொண்டிருந்தது. அதன் ஜோடியைத்தான் பல்செட்காரர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். அலமாரிக்கு மேலே ஏறிப் பார்த்தாயிற்று, அடியில் படுத்துப் பார்த்தாயிற்று. மெழுகு உருக்கும் பாத்திரத்துக்குள்கூட எட்டிப் பார்த்துவிட்டார்.

“கடைசியா எங்க வெச்சீங்க?” என்றாள் மனைவி. அவள் மோட்டார் சக்கரத்தில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க வெச்சேன்னு தெரிஞ்சா ஏன் தேடறேன்?”

“கேட்டா கோவம் வேற. போன வாரம் உங்க மேப் மேல இருந்துச்சு. நான் பாத்தேன்.”

பல்செட்காரர் ஏறியிருந்த ஸ்டூலின் மேல் அப்படியே நின்றுவிட்டார்.

மேப்! ரயில்வே ஆபீஸ் அட்டவணை சார் சுருட்டிக் கொடுத்த நாளிலிருந்து விரித்த மாதிரி நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மேப். அதன் நான்கு மூலைகளிலும் பாரத்துக்கு நான்கு தாடைகளை வைத்திருந்தார். மூன்று, வேலை முடிந்துபோன பழைய தாடைகள். நாலாவது எது என்று அப்போது பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, நான்கையும் மொத்தமாக அள்ளி…

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி அறையின் மறுபாதியைப் பார்த்தார். மறுபாதியில் மலை இருந்தது.

இந்த இடத்தில் அந்த மறுபாதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பல் கட்டுவது அவருக்குத் தொழில். ரயில் அவருக்கு உயிர். அறையின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பெரிய மேசையில், அந்த ஊரிலிருந்து கிளம்பும் கிளை ரயில்பாதையை ஆறு வருடமாக அச்சு அசலாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஏழு ஸ்டேஷன். இரண்டாவது ஸ்டேஷன் பெஞ்சுக்கு ஒரு கை கிடையாது. பொம்மைப் பெஞ்சுக்கும் கிடையாது. ஐந்தாவது ஸ்டேஷன் கடிகாரம் பத்தே காலில் நின்றுபோயிருந்தது. இங்கேயும் பத்தே கால். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டியிருந்த பொடிக்கல்கூட அந்தப் பாதையிலிருந்தே வந்தது. தினமும் தண்டவாளத்தை நடந்தே பார்த்துவரும் கேங்மேன் ஒருவர் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. ரயில் என்றால் உயிரை விடும் பல்செட்காரருக்கு ரயிலில் ஏறினால் ஆகாது. வண்டி நகர்ந்த இரண்டாவது நிமிடம் தலை சுற்றும், நாலாவது நிமிடம் குமட்டும். அதனால் பஸ் பிடித்து ஏழு ஸ்டேஷனுக்கும் தனித்தனியாகப் போய், பிளாட்பாரத்தில் நின்று அளந்துகொண்டு, பஸ் பிடித்துத் திரும்பிவிடுவார். ஸ்டேஷன்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதற்கு மேப் இருந்தது.

அந்த மேப்பில், மூன்றாவது ஸ்டேஷனுக்கும் நாலாவது ஸ்டேஷனுக்கும் நடுவே, ஒன்றுக்குள் ஒன்று ஏறிய பழுப்பு வளையங்கள். பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் அவருக்கு மறக்கவில்லை. வளையத்துக்குள் வளையம் வந்தால் மலை. வளையங்களுக்கு நடுவே ரயில்பாதை நேராகப் போனால் அங்கே சுரங்கம். ஐந்து மாதம் உழைத்து அந்த மலையைக் கட்டினார்.

“நான் சின்னதுல ஒரு தடவை அந்த வண்டியில போயிருக்கேன். மலை எதையும் பாத்த ஞாபகம் இல்லையே,” என்று மனைவி ஒருமுறை சொன்னாள்.

“நீ சுரங்கத்துக்குள்ள போற. உள்ள இருந்தா மலை எப்படிம்மா தெரியும்?” என்று அவர் கேட்டார்.

மலை பெரியது. வெறும் பிளாஸ்டரிலேயே கட்டினால் மேசை தாங்காது. அதனால் சுரங்கத்துக்கு மேலே பழைய தாடை அச்சுகளை அடுக்கி, அதன் மேல் பிளாஸ்டரில் நனைத்த துணியைப் போர்த்தி, பச்சை பூசி, புல்லும் ஒட்டியிருந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று பேருடைய தாடைகள் அதற்குள் இருந்தன. அதில் அட்டவணை சாரும் ஒருவர் என்பது இப்போதுதான் தெரிந்தது.

“மலைக்குள்ள போட்டுட்டீங்களா?” மனைவி மோட்டாரை நிறுத்தினாள்.

“போடல. போயிடுச்சு.”

“தானா நடந்து போச்சாக்கும்.”

பல்செட்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை ஸ்டேஷன் ஹாலில் கண்காட்சி. மேசையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைக்கிறார். பார்த்துப் பிடித்துப்போனால் அது ஹாலிலேயே நிரந்தரமாக இருக்கும், கண்ணாடிக் கூண்டுக்குள், அவர் பெயர் எழுதிய பலகையோடு. பிடிக்காவிட்டால் திரும்பி வர இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பல் சுடுகிற புது அடுப்பு வருகிறது. அந்த மேசை இருக்கிற இடத்தில்தான் அது உட்கார வேண்டும். இதை மனைவி மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டாள். ஆறு வருட உழைப்பு பழைய சாமான்காரரிடம் போய்விடும்.

பிடித்ததா இல்லையா என்று முடிவு செய்யப்போகிறவர் அட்டவணை சார். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று முப்பது வருடமாக எழுதிவருகிறவர். கண்காட்சியைத் திறந்து வைத்துப் பேசப்போகிறவரும் அவர்தான். அதற்குப் பல் வேண்டும். பல் கட்டத் தாடை வேண்டும். தாடையை எடுக்க மலையை உடைக்க வேண்டும். மலையை உடைத்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

“இன்னொரு தடவை அளவு எடுத்துட்டா?” என்றார் பல்செட்காரர், தமக்குத் தாமே.

“போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி. “கட்டைவிரல்ல துணி சுத்திக்கிட்டுப் போங்க.”

அவள் சும்மா சொல்லவில்லை. போன வாரம் பசை தடவிய தட்டை வாயில் வைத்ததுமே அட்டவணை சார் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, கண் பிதுங்கி, பல்செட்காரரின் கட்டைவிரலைக் கவ்விவிட்டார். பல்லில்லாத ஈறால் ஒரு மனிதர் இவ்வளவு பலமாகக் கடிக்க முடியும் என்பது பல்செட்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

அலுவலகத்தில் அட்டவணை சார் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து பேச்சு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ டம்ளர். விளிம்பு வரை ஊற்றிக் குடித்தால்தான் அவருக்குக் குடித்த மாதிரி இருக்கும். அதனால் டம்ளரின் அடி எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

“வாங்க, வாங்க! ஷனிக்கிழமைக்குப் பல்லு ரெடியா?”

“ரெடியாகிட்டே இருக்கு சார். ஒரே ஒரு சின்ன விஷயம். இன்னொரு தடவை அளவு எடுத்துட்டா இன்னும் பொருத்தமா…”

அட்டவணை சாரின் முகம் வெளுத்தது. “அந்தப் பஷையா?”

“ஒரே நிமிஷம் சார்.”

“ஒரு ஷெகண்டு கூட முடியாது! இன்னொரு தடவ அந்தத் தட்டை என் வாய்க்கிட்ட கொண்டு வந்தீங்கன்னா கண்காட்ஷியே கிடையாது, ஷொல்லிட்டேன்!”

பல்செட்காரர் பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்த தட்டை அவசரமாக உள்ளே தள்ளினார்.

“அத விடுங்க,” என்று அட்டவணை சார் குரலைத் தாழ்த்தினார். “மலை எப்படி வந்திருக்கு?”

“மலையா சார்? மலை… நல்லா இருக்கு. உள்ளுக்குள்ள நெறைய விஷயம் இருக்கு.”

“மலைதான் எனக்கு முக்கியம். ஷனங்க ஸ்டேஷனைத்தான் பாப்பாங்க. என் கண்ணு மலை மேலதான் இருக்கும். அந்த மலைக்காக நான் மூணு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன் தெரியுமா? மலைப்பாதையில வண்டி ஊர்ந்துதான் போகணும். வேலைக்கு ஷேர்ந்த முதல் மாஷம் மேப்பப் பாத்தேன், மலையப் பாத்தேன், உடனே எழுதிட்டேன். மூணு நிமிஷத்தக் குறைங்க, குறைங்கன்னு எத்தனை கடுதாஷி! மலைன்னா மலைதான்னு நின்னேன்ல?”

“உங்க உறுதி யாருக்கு வரும் சார்.”

“முப்பது வருஷத்துல இந்த நாற்காலிய விட்டு இறங்கினதில்ல. உங்க வண்டியும் ஷுரங்கத்துல மூணு நிமிஷம் எடுக்கணும். கடிகாரத்தோட நிப்பேன்!” என்று சொல்லி, ஒரு வாய் டீ குடித்து, டம்ளரைப் பேச்சின் மேலேயே வைத்தார்.

பல்செட்காரர் வீடு திரும்பியபோது முகத்தைப் பார்த்தே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மலையை மேலிருந்து உடைத்தால்தானே தெரியும்? சுரங்கத்துக்குள்ளிருந்து எடுத்தால்?

வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சுரங்க வாசலில் நுழைத்தார். இன்னொரு கையில் இடுக்கி. தலையில் டார்ச். குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே, “ஆ… இன்னும் கொஞ்சம் பெருசா,” என்றார்.

“யார்கிட்ட பேசறீங்க?”

“பழக்கதோஷம்.”

ஒவ்வொரு அச்சின் அடியிலும் பென்சிலால் ஆள் அடையாளம் எழுதியிருக்கும். முதலில் வந்தது தபால்காரர். அடுத்தது கணக்கு டீச்சர். மூன்றாவதை வெளியே இழுத்து அடியைப் பார்த்தவர் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“யாரது?” என்றாள் மனைவி.

“யாருமில்ல.”

“காட்டுங்க.”

காட்டினார். அடியில் ‘மாமியார்’ என்று எழுதியிருந்தது.

“எங்கம்மா பல்லையா மலைக்குள்ள போட்டுப் பூசினீங்க? உங்க சித்தப்பாவோடது மட்டும் ஷோகேஸ்ல இருக்கு!”

“அவருக்கு ஒரு பல்லு தங்கம்டி. அதுக்காக வெச்சது. உங்கம்மாவை உச்சிக்கு நேர் கீழ வெச்சிருந்தேன். மலையே அவங்க மேலதான் நின்னுச்சு.”

அது மரியாதைக்காகச் சொன்ன பேச்சு என்றாலும் உண்மையாகவும் இருந்தது. மாமியாரை எடுத்ததும் மலைக்குள் எங்கேயோ ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தது. உச்சி அரை அங்குலம் இறங்கியது. பல்செட்காரர் பதறிப்போய்ப் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தார். ஒரு தாடையை எடுப்பது, ஒரு தாளைத் திணிப்பது என்று போனதில் இன்னும் எட்டுப் பேர் வெளியே வந்தார்கள். அட்டவணை சார் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில், “சார்! கல்லு கொண்டாந்திருக்கேன்,” என்று குரல் கேட்டது. கேங்மேன். தோளில் ஒரு பை, பூட்ஸ் நிறைய மண்.

மனைவி வாசலை மறித்து நின்றுகொண்டாள். “உள்ள வராதீங்க. எல்லாம் வாய்க்குள்ள போற சாமான், தூசு படக்கூடாது.”

“ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போயிடறேம்மா. ஆறு வருஷமா கல்லு சுமக்கறேன், எங்க போகுதுன்னே பாக்கல.”

“சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து நிம்மதியா பாருங்க.”

“மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அள்ளினதாம்மா இது. சார் அந்த எடத்துக் கல்லுதான் வேணும்னாரு,” என்று அவர் பையை இறக்கினார். “அங்கதான் எனக்குப் பெரிய பாடு. வெயிலுக்கு ஒதுங்க ஒரு கையகல நிழல் கெடையாது.”

“ஆமாமா, கஷ்டம்தான்,” என்று உள்ளிருந்து பல்செட்காரர் காதில் வாங்காமலேயே சொன்னார். அவருடைய இடுக்கியில் அப்போதுதான் ஒன்று கெட்டியாக மாட்டியிருந்தது. இழுத்தார். வரவில்லை. ஒரு காலை மேசைக் காலில் ஊன்றி இன்னும் பலமாக இழுத்தார்.

வந்தது. அட்டவணை சாரின் கீழ்த்தாடை, ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாகக் கையில் வந்தது. அதன் பின்னாலேயே மலையும் வந்தது.

பிளாஸ்டர் தூசி அடங்கியபோது மூன்றாவது ஸ்டேஷனுக்கும் நாலாவது ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு குப்பைமேடும், அதன் மேல் கவிழ்ந்துகிடந்த முப்பத்து சொச்சம் தாடைகளும்தான் இருந்தன. பல்செட்காரரின் புருவம் முதல் மீசை வரை வெள்ளையாக இருந்தது. கையிலிருந்த தாடையை மட்டும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். கண் கலங்கியது தூசியால் மட்டும் இல்லை.

மனைவி கேங்மேனை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

“முதல்ல பல்லு. அப்புறம் மலை. ரெண்டு நாள் இருக்கு. உக்காராதீங்க, எழுந்திருங்க.”

இருந்த பிளாஸ்டர் ஒரே ஒரு டப்பா. அடுத்த மூட்டை திங்கட்கிழமைதான் வரும். பல் கட்டவே அது சரியாக இருக்கும். அப்படியானால் மலையை எதில் கட்டுவது? கடையில் ஏராளமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஈறுக்கு மாதிரி பிடிக்கிற ரோஸ் மெழுகு.

“மெழுகுல மலையா?”

“பச்சை பூசினா யாருக்குத் தெரியப்போகுது?”

வியாழன் மதியத்திலிருந்து வெள்ளி மாலை வரை அந்த அறையில் பல்லும் மலையும் ஒரே மேசையில் வளர்ந்தன. ஒரு கையால் மலைக்கு மெழுகு ஊற்றுவார். மறுகையால் ஈறுக்குப் பிளாஸ்டிக் மாவு பிசைவார். பாறைகளுக்கு என்ன செய்வது என்று தேடியபோது மிச்சமிருந்த பழைய பொய்ப் பற்கள் கிடைத்தன. அவற்றுக்குச் சாம்பல் நிறம் அடித்து மெழுகில் பதித்தார். மனம் எங்கேயோ இருந்ததால் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. பதித்து முடித்துவிட்டுப் பார்த்தால் பாறைகள் லாட வடிவத்தில் வரிசையாக, முன்னால் சின்னதும் ஓரத்தில் பெரியதுமாகப் பதினான்கு நின்றன.

“இது மலையா, வாயா?” என்றாள் மனைவி.

“தூரத்துல இருந்து பாத்தா மலைதான்.”

அதற்குள் மாலையாகிவிட்டது. வேக வைத்து எடுத்த அட்டவணை சாரின் பல்செட்டை அவள் மெருகேற்ற எடுத்துப்போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“இங்க பாருங்க.”

ரோஸ் ஈறுக்குள்ளே அங்கங்கே பச்சைப் பொட்டுகள் இருந்தன. மலைக்குத் தூவுவதற்காகச் சாயம் போட்டு வைத்திருந்த மரத்தூள். பிசைந்த மாவில் எப்போது விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? மலைக்கு ஈறு வந்துவிட்டது, ஈறில் புல் முளைத்துவிட்டது.

பல்செட்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். திரும்பச் செய்ய நேரம் கிடையாது.

“விடுங்க,” என்றாள் மனைவி. “பாக்கறவங்க கீரை சாப்பிட்டிருக்காருன்னு நெனைப்பாங்க. உடம்புக்கு நல்லதுதானே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. இரண்டு நாளில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சனிக்கிழமை ஸ்டேஷன் ஹாலில் நல்ல கூட்டம். நடுவில் மேசை. பின்சுவரில் அட்டவணை சாரின் பழைய மேப், புதுச் சட்டத்துக்குள். மேசைக்கு மேலே, நன்றாகத் தெரியட்டும் என்று யாரோ இரண்டு பெரிய விளக்குகளைக் கட்டியிருந்தார்கள். அந்த விளக்குகளைப் பார்த்ததும் பல்செட்காரருக்கு வேர்த்தது. மலைக்கும் வேர்க்குமே என்று நினைத்து இன்னும் வேர்த்தது.

அட்டவணை சார் புதுப் பல்லை மாட்டிக்கொண்டு மேடையேறினார். ஒரு வாரம் கிடைக்காத ‘ச’ எழுத்து திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அவர் வேறெதையும் தொடவில்லை. “சபையோர்களே! இந்தச் சனிக்கிழமை ஒரு சரித்திரச் சிறப்பு வாய்ந்த சனிக்கிழமை!” என்று ஆரம்பித்துச் சக்கரம், சமிக்ஞை, சாதனை, சுரங்கம் என்று சரம் சரமாகப் பேசினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்துக்காரியிடம், “கீரை,” என்று தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு இறங்கி நேராக மலையிடம் வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பாறைகளை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அவருடைய கன்னத்துக்குள்ளே நாக்கு இடமிருந்து வலமாக மெதுவாக நகர்வது வெளியே தெரிந்தது.

“இந்த மலை எனக்கு ரொம்பப் பழக்கமா இருக்கே,” என்றார்.

“முப்பது வருஷமா மனசுலயே வெச்சிருந்தீங்க இல்லையா சார்? அதான்,” என்றாள் மனைவி பட்டென்று.

“உண்மைதாம்மா. வண்டியை விடுங்க!”

வண்டி கிளம்பியது. கை போன பெஞ்சைத் தாண்டி, மூன்றாவது ஸ்டேஷனில் நின்று, வேகம் குறைந்து ஊர்ந்தபடி சுரங்கத்துக்குள் நுழைந்தது. அட்டவணை சார் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார். அறுபது பேர் ஒரு மலையை மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நிமிடம் உச்சியில் பச்சை வெடித்து ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. “அதென்ன மண்ணு?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். “செம்மண் சாதி,” என்றார் அட்டவணை சார், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்றாவது நிமிடம் மலை ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தது. உள்ளே ‘டக்’ என்றது. பல்செட்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நிமிடம் முடிந்ததும் வண்டி வெளியே வந்தது, சாம்பல் நிறக் கடைவாய்ப் பல் ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு.

பல்செட்காரருக்கு ஆறு வருடமும் அந்தப் பல்லோடு உருண்டு போவதுபோல இருந்தது.

“பாறை!” என்று கத்தினார் அட்டவணை சார். “மலைச்சரிவு! பாத்தீங்களாய்யா? இதுக்குத்தான் மூணு நிமிஷம் வேணும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்! வேகமா வந்திருந்தா வண்டி என்ன ஆகியிருக்கும்?” அவர் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார். “என்ன தத்ரூபம்! இது இந்த ஹாலை விட்டு எங்கேயும் போகாது. நாளைக்கே கண்ணாடிக் கூண்டுக்குச் சொல்றேன். விளக்கைக் கொஞ்சம் அணைங்கப்பா, மலைக்குச் சூடா இருக்கும்.”

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. யாரோ விளிம்பு வரை ஊற்றிய டீ டம்ளரை அட்டவணை சார் கையில் கொடுத்தார்கள். பல்செட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள், அத்தனை பேர் முன்னால். அடுப்புக்கும் இடம் கிடைத்தது, ரயிலுக்கும் இடம் கிடைத்தது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேங்மேன் வந்தார். பூட்ஸைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்.

“சார், நம்ம கல்லுங்க!” என்று தண்டவாளத்தை வாஞ்சையோடு பார்த்தார். ஒவ்வொரு ஸ்டேஷனாக விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே விரல் நின்றது.

“இது என்னங்க?”

“மலை,” என்றார் பல்செட்காரர்.

“மலை,” என்றார் அட்டவணை சார். “மேப்லயே இருக்கே, பாருங்க!”

கேங்மேன் சுவரருகே போனார். சட்டத்துக்குள்ளிருந்த பழுப்பு வளையங்களை மூக்கு உரச உற்றுப் பார்த்தார். பிறகு அட்டவணை சாரின் கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தார். மறுபடி மேப்பைப் பார்த்தார்.

“இது மலை இல்லீங்க சார், டம்ளர் வெச்ச தடம். இதுக்காகவா நம்ம வண்டி முப்பது வருஷமா அந்த வெட்டவெளியில தினமும் மூணு நிமிஷம் தவழ்ந்துக்கிட்டுப் போவுது?”